முதல் வாய் கசப்பு

அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள்: கலவை ஊரிலிருந்து சித்தப்பா. அவர் மகன், எனக்குத் தம்பி முறை. தம்பியின் மனைவி. அரக்கோணத்து அத்தை. பக்கத்து வீட்டு பீபி அம்மா. அண்ணனோடு சுண்ணாம்புக் குழியில் நின்று வேலை செய்த ஆறுமுகம். மற்ற சொந்தபந்தம் வாசல் நிறைய.

வருஷம் திரும்பிவிட்டது. அன்று நடந்ததை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இந்த நினைவு நோட்டீஸைத் தங்கை நான் எழுதுகிறேன். மூன்றாம் கிளாஸ் படிப்புதான்.

அண்ணன் கலவையில் பிறந்தார். மழை பொய்த்த வருஷம் அப்பா எங்களை ஆம்பூருக்குக் கூட்டிவந்து தோல் பதனிடும் ஷாப்பில் சேர்ந்தார். அப்பா காலமானதும், தோலை ஊறப்போடும் அதே சுண்ணாம்புக் குழியில் அண்ணன் இறங்கினார். ஒருமுறை தோல் கட்டுகளோடு மதராஸ் துறைமுகம் போனவர், கப்பலில் கரி தள்ளும் வேலைக்கு ஏறிவிட்டார். கப்பல் பல துறை தொட்டு அர்ஜென்டினா போயிற்று. ஸ்பானிய பாஷை பேசும் தேசம். அங்கே இறங்கி ஏழு வருஷம் இருந்தார்.

அவர் சொன்னதை இங்கே எவரும் நம்பவில்லை. ஆகவே அச்சில் போடுகிறேன். அங்கே ஆற்றுக்கு எதிர்க்கரை தெரியாது. கடல் என்று நினைத்து அள்ளிக் குடித்தால் நல்ல தண்ணீர். நாள் முழுக்க ரயிலில் போனாலும் ஒரு குன்று கிடையாது. புல், மாடு, அவ்வளவுதான். ஆடியில் குளிர், மார்கழியில் வெயில். உச்சி வேளையில் சூரியன் வடக்கே நிற்கும்.

வடக்குக் காட்டில் ஒரு மரம். கோடாலியை முறிக்கும் மரம் என்றே அந்தப் பாஷையில் அதற்குப் பெயர். அதை வெட்டிக் காய்ச்சி, சாற்றைத் தோல் பதனிடக் கப்பலில் அனுப்புவார்கள். அண்ணன் அங்கே கோடாலி பிடித்தார். காடு முன்பு அந்த மண்ணின் பூர்வ ஜனங்களுடையது. சிப்பாய்கள் வந்து சுட்டுத் துரத்தினார்கள். மிஞ்சியவர்கள் அதே காட்டில் கூலிக்கு மரம் வெட்டினார்கள். கூலி காசு அல்ல, கம்பெனிக் கடையில் மட்டும் செல்லும் தகர வில்லை. "நம்ம ஊருதான். பாஷ மட்டும் வேற" என்பார் அண்ணன்.

ஒன்று மட்டும் நம் ஊர் இல்லை. வேலை முடிந்ததும் வட்டமாக உட்காருவார்கள். ஒரு சுரைக் குடுக்கை, உறிஞ்ச ஒரு குழல், இலை போட்ட வெந்நீர். வெள்ளைக்காரனுக்கும் பூர்வ ஜனத்துக்கும் அண்ணனுக்கும் அதே குழல். முதல் வாய் கடுங்கசப்பு. அதை ஊற்றுகிறவனே குடித்துவிட்டு, நல்லதை வந்தவனுக்குக் கொடுப்பான். அங்கே அதுதான் மரியாதை.

எனக்குக் கல்யாணம் செய்துவைக்கவே அண்ணன் திரும்பினார். குடியாத்தத்து மாப்பிள்ளை. அங்கிருந்து கொண்டுவந்து நிச்சயதார்த்தத்துக்கென்று பொத்திவைத்திருந்த இலையைக் குடுக்கையில் போட்டு வெந்நீர் ஊற்றினார். முதல் வாயைத் தான் உறிஞ்சினார். குடுக்கையை மாப்பிள்ளையின் அப்பாவிடம் நீட்டினார்.

"இன்னாய்யா இது? எச்சில நீட்டறே?"

"எச்சில் இல்ல சம்மந்தி, மரியாதி. கசப்ப நான் குடிச்சிட்டேன். ஒங்களுக்கு நல்லது."

"கண்டவன் வாய் வச்சத நாங்களும் வைக்கணுமா? எந்திரிங்கப்பா, போலாம்."

தட்டு மாறவில்லை. சித்தப்பா ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தியிருக்கலாம். அவர் சொன்னது வேறு.

"அர்ஜென்டினாவாம்! அந்தமான் ஜெயில்ல கத்துக்கினு வந்திருப்பான்."

அந்தச் சொல் அரக்கோணம் வரை போயிற்று. எனக்கு வேறு வரன் வரவில்லை. அண்ணனும் கட்டிக்கொள்ளவில்லை. "மொதல்ல ஒனக்கு" என்றார். மறுபடி சுண்ணாம்புக் குழி வேலைக்குப் போனார்.

சோற்றுக்கடையில் நமக்குக் கொட்டாங்குச்சியில்தான் தண்ணீர். தோல் நாற்றம் என்று ஊர்க் கிணற்றில் நம் குடம் இறங்காது. அந்த நாம் அண்ணனிடம் எச்சில் பார்த்தோம். தூ.

கடைசியில் அண்ணனுக்கு நெஞ்சு கட்டிக்கொண்டது. கஞ்சி கொண்டுவந்தது பீபி அம்மா. தூக்கி உட்காரவைத்தது ஆறுமுகம். சொந்தத்தில் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. "அவங்க மேல கோவம் வேணாம்மா. தெரியாம செஞ்சாங்க" என்றார் அண்ணன். அவர் பேச்சில் நான் கேட்காதது இது ஒன்றுதான்.

பதினாறாம் நாள் இலை போடுமுன் அந்தக் குடுக்கையில் நிலவேம்புத் தண்ணீர் ஊற்றினேன். எல்லார் முன்னாலும் முதல் வாய் உறிஞ்சினேன். சித்தப்பாவிடம் நீட்டினேன்.

"இன்னா பொண்ணு, பைத்தியமா?"

"அண்ணன் மரியாதி சித்தப்பா. மொத வாய் நான் குடிச்சிட்டேன்."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அத்தை, "சோறு ஆறுதுடி" என்றார். ஆறுமுகம் வந்து வாங்கிக் குடித்தார். பீபி அம்மா, "எனக்குக் குடும்மா" என்று கை நீட்டினார். அடுத்து எழுந்தது தம்பியின் மனைவி.

"ஏய், ஒக்காரு!" என்றான் தம்பி.

"நீ ஒக்காரு" என்றாள். ஒரு மடக்கு இல்லை, நன்றாக உறிஞ்சினாள்.

பிறகு எல்லாரும் சாப்பிட்டார்கள். நூற்றுப் பன்னிரண்டு இலை விழுந்தது. சாப்பிட்டவர்களுக்கு நான் நன்றி சொல்லப்போவதில்லை. அண்ணன் குடுக்கையில் குடித்தவர்களுக்கு என் நன்றி.

மூன்று பேர்.