ஒரே அறையில் எலும்புகள்

லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் காவலுக்கு நின்ற தமிழ்ப் பெண் ஒருவர் நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்தார். யார் எது கேட்டாலும் கண்ணை நேராகப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் புதிய கற்காலத்து மண்மேட்டுக் கல்லறை ஒன்றின் மாதிரி இருந்தது. நீண்ட மேட்டுக்குள் கல்லால் கட்டிய ஓர் அறை. அதில் ஊரார் பலரின் எலும்புகள் கலந்து கிடந்தன.

"இப்பிடிக் கலந்துபோட்டால் ஆர் ஆரெண்டு எப்பிடித் தெரியும்?" என்று அவரிடம் கேட்டேன்.

"ஏன் தெரியவேணும் அண்ணை? ஆரெண்டு தெரிஞ்சபடியால்தான் எங்கட ஊர்ச் சுடலையில என்ர அப்பாவை எரிக்க விடமாட்டம் எண்டு மறிச்சவை. சாதி குறைவாம். நாங்கள் திரும்பிப் போகேல்லை. மறிச்சவைக்கு முன்னாலயே நான் கொள்ளி வைச்சனான்."

எங்கள் ஊரிலும் அப்படி மறித்ததுண்டு. மறித்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். அதை அந்தப் பெண்ணிடம் சொல்லாமலே வெளியே வந்துவிட்டேன்.