இல்லாத அமெரிக்கரின் ஒப்பந்தம்

ஒஸ்லோவின் ஓரத்தில் இருக்கும் வெஸ்ட்லியில் எங்கள் கட்டடத்தின் நிலவறையில் துணி துவைக்கும் அறை ஒன்று உண்டு. கதவில் தொங்கும் அட்டவணையில் பெயரை எழுதிய பிறகுதான் இயந்திரத்தைத் தொடலாம். நான் ஓய்வுபெற்ற முதற் குளிர்காலத்தில், எனக்குரிய நேரத்தில் ஒரு கிழவர் தன் சட்டைகளைத் துவைத்துக்கொண்டிருந்தார். சுவரில் ஒட்டியிருந்த விதிகளில் நான்காவதைச் சுட்டிக்காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு ஆறுதலாக வாசித்துவிட்டு, நன்றாக எழுதியிருக்கிறார்கள் என்று பாராட்டினார். அப்படித்தான் பழக்கமானோம்.

அவர் இத்தாலியர். மனைவி இறந்த பிறகு, இங்கே தாதியாக வேலை செய்யும் மகளோடு வந்து இருந்தார். நாங்கள் கதைத்தது இருவருக்குமே சொந்தமில்லாத நோர்வே மொழியில். என் நினைவில் மட்டும் அவர் யாழ்ப்பாணத் தமிழில் கதைக்கிறார்.

அவர் ரோமில் படம் எடுத்தவர். கௌபாய்ப் படங்கள் விலைபோன காலத்தில் கௌபாய்ப் படம். நகருக்கு வெளியே இருந்த கல்லுடைக்கும் பள்ளம்தான் அவருடைய பாலைவனம். அது ஓய்ந்ததும் குதிரைகளை விற்றுவிட்டுப் பேய்ப்படம். பேய் சலித்ததும் அதே வீட்டில் கொலைப்படம், அதே படிக்கட்டில் வேறொரு பெண் உருண்டு விழுவாள். தயாரிப்பும் இயக்கமும் அவரே. ஆனால் இத்தாலியர் எடுத்த படத்தை இத்தாலியரே பார்க்கமாட்டார்கள் என்று விநியோகஸ்தர்கள் சொன்னதால், இயக்குநர் என்ற இடத்தில் ஓர் அமெரிக்கப் பெயரைப் போட்டார். அந்த அமெரிக்கர் பிறந்த ஊரை ஒரு பீச் பழ டின்னில் பார்த்துத் தெரிவு செய்தாராம்.

ஒரு நாள் கையில் கடிதத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். நகரத்தில் பழைய படங்கள் காட்டும் அரங்கு ஒன்று அவருடைய பேய்ப்படம் ஒன்றைத் திரையிடப்போகிறது. இயக்குநர் பெயராக அமெரிக்கரின் பெயரே அச்சாகப்போகிறது. நிகழ்ச்சித் தாளில் தன்னுடைய பெயர் வரவேண்டும் என்றார்.

"என்ர மகள் நான் காசு போட்ட ஆள் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கிறா. படம் எடுத்தது நான் எண்டு சொன்னால் சிரிக்கிறா. ஒருக்கா அச்சிலை பாக்கட்டும்."

யாழ்ப்பாணத்தில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் ஒன்பது வருடம், ஒஸ்லோ மாநகராட்சியில் பதினேழு வருடம் கோப்புகளோடு இருந்தவன் நான். எனக்கு இது ஒரு பிற்பகல் வேலை. கடிதம் எழுதினேன். அரங்கிலிருந்த பெண் மரியாதையாகப் பதில் போட்டாள். ஆவணம் ஏதாவது, அல்லது அந்தக் காலத்தில் அவரோடு வேலை செய்த ஒருவரின் சாட்சிக் கடிதம் போதுமாம்.

அவரோடு வேலை செய்தவர்கள் எல்லாரும் செத்துப்போயிருந்தார்கள். கிழவர் என்னைப் பார்த்தார். நான் இளம் வயதில் ரோமில் படித்தேன், அவருக்கு உதவியாளராக நின்றேன் என்று நாலு வரி எழுதித் தந்தால் யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்றார்.

பொய்ச் சாட்சியத்தின் விளைவுகளை அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்கள் எத்தினையாம் ஆண்டு பிறந்தனீங்கள்?" என்று கேட்டார்.

அந்தக் கதையை அவருக்குச் சொன்னது என் பிழைதான். என்னைக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் என் வயதில் இரண்டைக் குறைத்து, ஜனவரி முதலாம் தேதி பிறந்தவனாக்கினான். விமான நிலையத்தில் அதற்குக் கையெழுத்துப் போட்டேன். பிறகு திருத்தக் கேட்டபோது, படிவத்தில் இருப்பது உங்கள் கையெழுத்துத்தானே என்றார்கள். இரண்டு வருடம் கூடுதலாக வேலை செய்துவிட்டுத்தான் ஓய்வுபெற்றேன்.

"அது வேறை," என்றேன்.

இதையெல்லாம் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, அவர் போன பிறகு வந்தாள்.

"இஞ்சேருங்கோ, ஒரு கையெழுத்துத்தானே. போட்டால் கை தேய்ஞ்சு போயிடுமே?"

நான் முறையான வழியில் போனேன். ரோமில் படக் கோப்புகளை வைத்திருக்கும் அலுவலகத்துக்கு எழுதினேன். கிழவரின் கை வழியாக வந்த பிரதியை யாரும் சந்தேகிக்கலாம் என்பதால், ஒரு பிரதியை அரங்குக்கே நேரடியாக அனுப்பும்படி கேட்டேன். அந்த யோசனையில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஏழு வாரத்தில் பதில் வந்தது. அது ஓர் ஒப்பந்தம். தயாரிப்பாளராகிய கிழவர், அமெரிக்கக் குடிமகனான இன்னாரை இப்படத்தின் இயக்குநராக நியமிக்கிறார். முத்திரை இருந்தது, சாட்சி இருந்தது. கீழே இரண்டு கையெழுத்துகள். கிழவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அந்த நேரம் கோப்புக்கு இப்பிடி ஒண்டு வேணும் எண்டவங்கள்," என்றார். "மற்றதை இடக்கையாலை போட்டனான். வடிவாத்தான் இருக்கு."

அடுத்த கிழமை அரங்கிலிருந்த பெண் எனக்கு நன்றி எழுதினாள். இரண்டு பெயரையும் போடுவது என்று முதலில் முடிவெடுத்திருந்தார்களாம். ஒப்பந்தம் வந்ததால் குழப்பம் தீர்ந்ததாம். உண்மையை எழுதி இரண்டு கடிதம் போட்டேன். கிழவரே கையெழுத்திட்ட ஆவணத்துக்கு மேலாக எதையும் ஏற்க முடியாது என்று பதில் வந்தது. அவளுடைய இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

ஒரு ஞாயிறு பிற்பகல் நானும் மனைவியும் கிழவரும் அவருடைய மகளுமாக நாலு பேரும் போனோம். அரங்கில் பாதிக்குமேல் வெறுமை. நிகழ்ச்சித் தாளில் அமெரிக்கரைப் பற்றி மூன்று வரி, பிறந்த ஊர் உட்பட. தயாரிப்பாளர் என்று கிழவரின் பெயர் சின்ன எழுத்தில் இருந்தது. படிக்கட்டில் பெண் உருண்டு விழும் இடத்தில் இளைஞர்கள் சிலர் சிரித்தார்கள். அதற்கு முந்திய காட்சியில், இருட்டில் ஒரு கதவு மெல்ல மெல்லத் திறந்தபோது யாரும் சிரிக்கவில்லை. மகள் என் மனைவியின் கையைப் பிடித்துவிட்டாள்.

வெளியே மேலங்கிகளை எடுக்கும் இடத்தில் மகள் தாளை மறுபடியும் வாசித்தாள்.

"அப்பா, கெட்டிக்காரன்தான் இந்த ஆள். உங்களுக்கு நல்லாத் தெரியுமோ?"

கிழவர் என்னைப் பார்க்கவில்லை. பொத்தான்களைப் போட்டு முடித்தார்.

"ஓம். கனகாலம் என்னோடை வேலை செய்தவர். நல்ல மனுசன்."



செவ்வாய்க்கிழமை துணி துவைக்கப் போனேன். அட்டவணையில் எனக்கு அடுத்த நேரத்தில் அமெரிக்கரின் பெயர் அழகாக எழுதப்பட்டிருந்தது. எழுத்துகள் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. குடியிருப்பவர் அல்லாதோர் பெயர் எழுதக் கூடாது என்பது விதிகளில் இரண்டாவது. என் துணிகளை நேரத்தோடு எடுத்து, அவருக்காக இயந்திரத்தின் மூடியைத் திறந்துவைத்துவிட்டு மேலே வந்தேன்.