அத்தையின் இரண்டு கிலோ

செவ்வாய்க்கிழமை வேதியியல் வகுப்பின் நடுவே, முதல்வர் அறைக்கு வரும்படி எனக்கு ஆள் வந்தது. வழக்கமாக நான் ஏதாவது செய்திருப்பேன். அன்று எதுவும் செய்யவில்லை. அதனாலேயே புரிந்துவிட்டது. தொலைபேசியில் அப்பா, "அத்தை போயிட்டாம்மா" என்றார்.

என் அத்தை சரசு, அப்பாவின் தங்கை. வங்காளத்தில், சால்ட் லேக் பகுதியில் கணினி வேலை, டாக்குரியாவில் எங்களோடு வாசம். ஒருமுறை அவருடைய டீயில் உப்பைப் போட்டேன். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "சால்ட் லேக் போறவளுக்குப் பொருத்தமாத்தான் இருக்கு" என்றார். மறுநாள் என் டிபன் டப்பாவுக்குள் இன்னொரு டப்பா, அதற்குள் இன்னொன்று, கடைசியில் ஒரே ஒரு இட்லி.

பூஜை விடுமுறை முடிந்ததும் அவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. பெரும்பாலும் குணமாகிவிடும் வகை என்றார் மருத்துவர். வளராமல் நின்றுபோன வெள்ளை அணுக்களை மருந்து வளரவைக்குமாம். அவை வளரும்போது சிலருக்கு உடம்பில் நீர் கசிந்து நுரையீரலில் தேங்குமாம். டிஃபரென்சியேஷன் சிண்ட்ரோம் என்று அதற்குப் பெயர். எடை திடீரென ஏறினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே வரச் சொன்னார்.

"உன்னை மாதிரிதான்டி. வளராட்டி தொல்லை, வளர்ந்தா அதைவிடத் தொல்லை" என்றார் அத்தை.

இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தார். தினமும் எடைக்கருவியில் ஏறுவார்; எண்ணை நான் நோட்டில் எழுதுவேன். நான் பின்னால் நின்று அதன் ஓரத்தைக் கால் கட்டைவிரலால் அழுத்துவேன். "காலை எடுடி!" என்பார். அதுதான் எங்கள் காலை வணக்கம்.

சனிக்கிழமை எடை இரண்டு கிலோ கூடியிருந்தது.

"காலை எடு."

"வைக்கலை அத்தை."

"எடுன்னா!"

"சத்தியமா வைக்கலை."

அவர் திரும்பிப் பார்க்காமலே சிரித்தார். முந்தின நாள் எடையையே எழுதச் சொன்னார். எழுதினேன். கீழ்வீட்டு வங்காளி அம்மா, நாங்கள் காக்கிமா என்று கூப்பிடுபவர், வந்து அவர் கன்னத்தைத் தொட்டு, முகம் பூசினாற்போல் இருக்கிறது, உடம்பு தேறிவிட்டது என்று வங்க மொழியில் சொல்லி மகிழ்ந்துபோனார்.

ஞாயிறு காலை எடை இன்னும் ஏறியது. நான் கட்டில்மேல் ஏறி நின்றேன். "பாருங்க, ரெண்டு காலும் இங்க இருக்கு!"

அத்தை பார்த்தார். எண்ணைப் பார்த்தார். வீங்கிய பாதங்களையும் அப்போதுதான் பார்த்தார். டாக்ஸிவரை நடப்பதற்குள் மூச்சு வாங்கி நான்கு முறை நின்றார்.

ஸ்டீராய்டு ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்தார்கள். எடை எப்போதிலிருந்து ஏறுகிறது என்று மருத்துவர் கேட்டார். நோட்டு என் கையில் இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அத்தை முகமூடியை விலக்கினார். "நேத்தே ஏறிடுச்சு. அவ சொன்னா. நான்தான் மாத்தி எழுதச் சொன்னேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "உன்மேல பழியைப் போட்டுட்டு, உள்ளுக்குள்ள தேறிட்டேன்னு சந்தோஷப்பட்டேன்டி" என்றார்.

அதற்குமேல் அவரைப் பேசவிடவில்லை. ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவரிடம் நான் கேட்கவில்லை.

அத்தையைக் கிடத்தியிருந்தபோது உறவினர் ஒருவர், "தூங்கற மாதிரி, முகமெல்லாம் பூசினாப்பல இருக்கா" என்றார். "அது நீர்!" என்று கத்திவிட்டேன். யாரும் என்னைத் திட்டவில்லை.

அத்தை, தேறிவிட்டதாகச் சந்தோஷப்பட்டேன் என்று நீங்கள் சொன்னது உண்மையா, என்மேல் பழி வராமல் காப்பாற்றச் சொன்னதா என்று தெரியவில்லை. சனிக்கிழமை நீங்கள் என்னை நம்பவில்லை. நான் உங்களை நம்பப் பார்க்கிறேன். போய் வாருங்கள்.