வேர்வை காயட்டும்

பீளமேட்டில் ரங்கராஜ் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் திரும்பியவர் யாரும் கிடையாது. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள், இப்போதுதான் சாப்பிட்டோம், ஒன்றும் வேண்டாம் என்பார்கள். அந்த முதல் வேண்டாம் அங்கே செல்லாது. அவர் மறுபடியும் கேட்பார். அதற்குள் அவர் மனைவி கனகம் தட்டை எடுத்து வைத்துவிடுவாள். கோயமுத்தூர்ப் பக்கம் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய இதுதான் வழக்கம். இவர்கள் வீட்டில் கொஞ்சம் அடாவடியாகவே நடக்கும்.

ரங்கராஜ் நூல் மில்லில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்தவர். மெஷினுக்கு அடியில் குனிந்து குனிந்தே கழுத்தெலும்பு தேய்ந்துபோனது. ரிட்டையரான கையோடு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். மகள் பிரத்யுஷா கனடாவில். மில் நண்பர்கள் ஆளுக்கொரு திசை. காலையில் எழுந்தால் பேச ஆளில்லை. நெஞ்சுவலியைவிட அதுதான் அவரை அதிகம் வாட்டியது.

டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னார். ரங்கராஜ் ஒரு ஹைபிரிட் சைக்கிள் வாங்கினார். நேரான ஹேண்டில்பார், கொஞ்சம் அகலமான டயர், நிமிர்ந்து உட்காரலாம், கழுத்துக்கும் நல்லது. தனியாகப் போகச் சோம்பலாக இருந்ததால் அடுத்த தெரு அரங்கசாமியையும் இழுத்துக்கொண்டார். கருமத்தம்பட்டியில் தறி போட்டிருக்கும் கவுண்டர்; இவரைவிட வயதில் நன்றாக இளையவர். பிறகு கம்ப்யூட்டர் கம்பெனி மதன்குமார் வந்தான், அவன் கூட்டாளிகள் வந்தார்கள். ஞாயிறு காலை சின்னியம்பாளையம் பேக்கரி முன்னால் கூடி, அவினாசி ரோட்டில் கருமத்தம்பட்டி வரை போய்த் திரும்புவார்கள். எல்லாருக்கும் அவர் அண்ணன். வாரத்தில் அந்த ஒரு காலைக்காகத்தான் மற்ற நாட்களை அவர் தள்ளிக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஒவ்வொருவராக ரோடு பைக்குக்கு மாறினார்கள். அதுவும் சைக்கிள்தான். ஆட்டுக்கிடாயின் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், ஒல்லி டயர். முதுகை வளைத்துப் படுத்தாற்போல ஓட்ட வேண்டும். காற்றாகப் பறக்கும். பெட்ரோல் போடாத வண்டிக்கு எதற்கு பைக் என்று பேர் என்று கனகம் கேட்டாள். ரங்கராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. நீலாம்பூர் தாண்டியதும் மற்றவர்கள் பெடலில் சும்மா காலை வைத்தாலே முன்னால் போய்விடுவதும், இவர் மூச்சு வாங்கி வந்து சேரும்வரை ஓரமாக நிற்பதும் வாராவாரம் நடந்தது. "நாங்களும் இப்பத்தானுங்கண்ணா வந்தோம்" என்பார் அரங்கசாமி. ரங்கராஜ் அதை அப்படியே நம்பினார். புறப்படும்போதே அரங்கசாமியின் பனியன் நனைந்திருக்கும். சில உடம்பு அப்படி, சும்மா நின்றாலே வேர்க்கும் என்று நினைத்துக்கொண்டார்.

ஆனாலும் தன்னால் அவர்கள் நிற்கிறார்கள் என்பது உறுத்தியது. அவர்கள் ஓட்டுகிற வண்டியை நாமும் ஓட்டினால் அவர்கள் கூடவே போகலாம் என்று கணக்குப் போட்டார். டாக்டர் தலையைக் குனிந்து ஓட்டவே கூடாது என்றார். கனகம் இரண்டு நாள் பேசவில்லை. கழுத்தா, கூட்டாளிகளா என்று ரங்கராஜ் வெகுநாள் யோசித்தார். உண்மையைச் சொன்னால் அவருக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை. கழுத்து போனால் போகட்டும், ஞாயிற்றுக்கிழமை போய்விட்டால் என்ன செய்வது என்றுதான் இருந்தது.

சைக்கிள் கடைக்காரர் தெரிந்தவர். வாங்குவதற்கு முன்னால் ஞாயிறு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள் என்று ஒரு ரோடு பைக்கைக் கொடுத்தனுப்பினார். ரங்கராஜ் யாரிடமும் மூச்சு விடவில்லை. வழக்கமான நேரத்துக்கு வெகுமுன்பே, இருட்டோடு, கிளம்பிவிட்டார். ஆள் பார்க்காமல் தடுமாறிப் பழகிக்கொண்டு, பேக்கரி முன்னால் போய் அலட்டிக்கொள்ளாமல் இறங்க வேண்டும் என்று ஆசை. கழுத்தில் ஊசி குத்தியது. ஆனால் வண்டி பறந்தது. ஏர்போர்ட் பிரிவு தாண்டும்போது அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

பேக்கரிக்குப் பக்கத்துச் சுவரோரம் வண்டியைச் சாய்த்துவிட்டுத் திரும்பினார். கிழக்கேயிருந்து கூட்டமாகச் சைக்கிள்கள் வந்தன. அப்படி ஒரு வேகத்தில் அவர்களை அவர் பார்த்ததே இல்லை. அரங்கசாமி முன்னால், மதன்குமார் பின்னால், எல்லார் முகத்திலும் நல்ல களிப்பு. கருமத்தம்பட்டி போய் ஒரு சுற்று முடித்துவிட்டே வந்திருக்கிறார்கள். ரங்கராஜ் ஏனோ சுவருக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார்.

டீ சொன்னார்கள். இன்னொரு சுற்று இப்படியே அடிக்கலாமே என்று மதன்குமார் கேட்டது காதில் விழுந்தது.

"பேசாம குடி கண்ணு. அண்ணன் வர்ற நேரம். அவரு வாரதுக்குள்ள வேர்வை காயட்டும்" என்றார் அரங்கசாமி. "பெரிய மனுசன். தெரிஞ்சா சங்கடப்படுவாரு."

யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் கோபமாவது வந்திருக்கும். எத்தனை மாதமாக இது நடக்கிறதோ தெரியவில்லை. தங்களுக்கென்று ஒருமுறை ஓட்டிவிட்டு, மரியாதைக்காக அவரோடு இன்னொருமுறை மெல்ல உருட்டியிருக்கிறார்கள். விருந்தாளிக்குத் துணையாக, பசியில்லாமல் இரண்டாவது தடவை இலையில் உட்காருகிறவர்களைப் போல. ரங்கராஜ் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்த வழியில் வெகுதூரம் நடந்தார்.

போன் அடித்தது.

"அண்ணா, கெளம்பீட்டீங்களா?" அரங்கசாமிதான்.

"இல்லீங்க. முட்டி புடிச்சுப்போட்டுது. நீங்க போயிட்டு வாங்க."

"அச்சச்சோ. அப்ப வர்ற வாரம் பாத்துக்கலாமுங்களா?"

"இனி எனக்குத் தோதுப்படாதுன்னு தோணுதுங்க. எனக்காவ நிக்க வேண்டாமுங்க."

சொல்லிவிட்டு ரங்கராஜ் காத்திருந்தார். பொய்தான் சொன்னார், ஆனால் முதல் வேண்டாம்தானே அது. அதெல்லாம் முடியாது, மெதுவாகவே போகலாம், நீங்கள் வராமல் எப்படி என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும். முட்டியாவது ஒன்றாவது, உடனே வந்துவிடுவார். தெரிந்ததைத் தெரியாததுபோல வைத்துக்கொண்டு சாகும்வரை அவர்களோடு ஓட்டுவார். அரங்கசாமி வீட்டிலும் விருந்தாளியை ஒரு வேண்டாமோடு விடுகிறவர்கள் இல்லை.

"செரிங்கண்ணா" என்றார் அரங்கசாமி. குரலில் வருத்தம் இருந்தது. கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. "உடம்பப் பாத்துக்குங்க. அதுதானுங்க முக்கியம்."

ரங்கராஜுக்கு அழுகை வந்தது. ரோட்டோரம், அந்த விலை உயர்ந்த வண்டியைப் பிடித்தபடி, துடைக்காமல் நின்று அழுதார்.

மறுநாள் வண்டியைத் திருப்பிக் கொடுத்தார். நல்ல வண்டிதான், தன் கழுத்துக்குத்தான் ஒத்துவரவில்லை என்று கடைக்காரரிடம் சொன்னார். கடைக்காரரும் வற்புறுத்தவில்லை.

அடுத்த ஞாயிறு வழக்கம்போலவே விழிப்பு வந்துவிட்டது. ஹைபிரிட்டுக்குக் காற்றடித்தார். போனைச் சாப்பாட்டு மேஜையில் கண்ணுக்குத் தெரிய வைத்துவிட்டு உட்கார்ந்தார். அது அடிக்கவில்லை. வெயில் ஏறியது. இந்நேரம் நீலாம்பூர் தாண்டியிருப்பார்கள், வேர்வையைப் பற்றிக் கவலைப்படாமல்.

கனகம் உப்புமாவோடு வந்தாள். ஏன் போகவில்லை என்று அவள் கேட்கவில்லை. போன வாரமே அவர் முகத்தைப் பார்த்தவள். ரங்கராஜ் வேண்டாம் என்றார். அவள் தட்டில் போட்டாள். பசியில்லை என்றார். இன்னொரு கரண்டி போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.