இறங்கி ஒலித்த மேல் கட்டைகள்

தொண்ணூற்றொன்றில் எங்கள் ஊர்க் கிறிஸ்தவ சபைக்கு ஒரு டிஜிட்டல் பியானோ வந்தது. சபைச் செயலாளருக்கு அவர் தம்பி சிங்கப்பூரிலிருந்து கொடுத்தனுப்பியது. வார நாட்களில் அதே செயலாளர் எனக்கு சூப்பர்வைசர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தகடு அடிக்கும் கம்பெனியில் நான் பிரஸ் மிஷின் ஓட்டினேன். அது என் வலது தோளோரம் நின்று நாள் முழுக்க இடிக்கும். ஞாயிற்றுக்கிழமை பியானோ முன் உட்காரலாம் என்பதற்காகவே பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

கொஞ்ச நாளிலேயே மேல் கட்டைகள் என்னைப் படுத்தின. என் இடப்பக்கம் இருந்த பெண்கள் சரியாகத்தான் பாடினார்கள். பியானோதான் இறங்கி ஒலித்தது. நான் ஆர்மோனியம் வாசித்துப் பழகியவன். அதில் ரீட் இறங்கினால் ஆள் வந்து சுரண்டிச் சரிசெய்வார். அந்த நினைப்பில் பாடகர் குழு எதிரிலேயே வாயை விட்டேன்.

"சார், பொட்டி சுதி எறங்கிக்கீது. ஆர்மோனியக்காரர இட்டாந்து காட்டலாம்."

தம்பி கொடுத்த பொருளைக் குறை சொன்னால் பொறுப்பாரா?

"இதுல இன்னா ரீடா கீது எறங்கறதுக்கு? எல்லாருக்கும் நல்லாத்தான கேக்குது?"

பெண்கள் வரிசையிலிருந்து என் மனைவி எழுந்து வந்து என் வலது காதை உள்ளங்கையால் பொத்தினாள்.

"இப்ப வாசிங்க."

வாசித்தேன். சுத்தமாக இருந்தது. இடது காதைப் பொத்தினாள். அதே கட்டை இறங்கிவிட்டது. பழுது என் வலது காதில்தான் என்று என் முகத்தைப் பார்த்தே எல்லோருக்கும் விளங்கிவிட்டது. பின்னாலிருந்து ஒருவன் "செவிட்டு பாகவதர்" என்றான். ஆராதனையில் அழுது ஜெபிக்கிறவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பியானோ முன் செயலாளரின் மகள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தாளம் நிற்காது. ஆனால் காது கேட்கும்.

திங்கட்கிழமை கம்பெனியில் சூப்பர்வைசரான அவரிடமே போய் நின்றேன். இடது காதாவது மிஞ்சினால் என்றைக்காவது திரும்ப வாசிக்கலாம் என்று ஒரு ஆசை.

"வேற மிஷினுக்கு மாத்தி வுடுங்க சார். இந்தக் காதும் பூடும்."

அவர் டீயை ஊதிக் குடித்தார். கோபம்கூட இல்லை.

"நல்லா கேக்கறவன அங்க நிக்க வெச்சா அவனுக்கும்தான் பூடும். உனுக்குப் பாதி பூட்டுது. அந்த மிஷினுக்கு நீதான்யா சரி."