டேலி அண்ணாச்சி ஏன் மறு எண்ணிக்கை கேட்கவில்லை

டேலி அண்ணாச்சி இன்று காலை போய்விட்டார்...

முன்னாள் எம்.எல்.ஏ. காலமானார் என்று எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் அவர் போட்டோ ஓடுகிறது. எனக்கு அவர் முன்னாள் எம்.எல்.ஏ. மட்டும் இல்லை. வார்டு மெம்பர் தேர்தலில் என்னிடம் தோற்ற வேட்பாளர்.

நம்பாதவர்கள் இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்கள். தையல் கடைக்காரி நான் ஜெயித்தேன். அவர் தோற்றார். ஒரே ஒரு ஓட்டில்.

வெளியூர் நண்பர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடி ஹார்பரில் கப்பலில் ஏறுகிற, இறங்குகிற மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் டேலி கிளார்க்காக இருந்தவர். எத்தனை பதவி வந்தாலும் அந்தப் பெயர் போகவில்லை. முதலில் வார்டு மெம்பர், பிறகு பஞ்சாயத்துத் தலைவர், யூனியன் சேர்மன், கடைசியில் எம்.எல்.ஏ. அடுத்த முறை கட்சி சீட் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு மற்றவர்கள் என்ன செய்வார்கள்? சட்டை கசங்காமல் கல்யாண வீடுகளில் முன்வரிசையில் உட்கார்வார்கள். இவர் உள்ளாட்சித் தேர்தல் வந்ததும் மறுபடி வார்டு மெம்பருக்கு மனு தாக்கல் செய்தார்... நான் ஏற்கெனவே மனு கொடுத்திருந்த அதே வார்டில்!

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கோட்டை வரைக்கும் போய்வந்தவருக்கு எங்கள் நாலு தெருவும் உப்பளத்து ரோடும்தானா கிடைத்தது என்று ஜாக்கெட் தைக்க வந்தவர்களிடமெல்லாம் புலம்பினேன்.

ஒருநாள் அவரே கடைக்கு வந்தார். ஓட்டுக் கேட்க... என்னிடமே. ஒருகாலத்தில் கட்சிச் சின்னத்தில் நின்றவர் கையில் இப்போது மூக்குக் கண்ணாடி படம் போட்ட நோட்டீஸ். எனக்குப் பூட்டு சாவி.

நானும் விடவில்லை. உங்கள் ஓட்டை எனக்குப் போடுங்கள் என்றேன். யோசிக்கிறேன் என்று சிரித்தார். எம்.எல்.ஏ.வாக இருந்துவிட்டு எதற்கு இந்த வேலை என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன்.

"அங்கன எந்திரிச்சு தண்ணி வரலன்னு பேசுனா, பரிசீலனையில இருக்குன்னு பதில் வரும். இங்கன மோட்டாரப் போட்டா தண்ணியே வந்துரும்லா" என்றார்.

பதில் சரியாகத்தான் இருந்தது. என் கோபம்தான் குறையவில்லை.

ஓட்டு எண்ணும் அன்று வெள்ளைச் சீட்டுகளைக் கட்டுக் கட்டாகப் பிரித்து அடுக்கினார்கள். அண்ணாச்சி கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று உதடு அசைய எண்ணிக்கொண்டே இருந்தார். ஹார்பர் பழக்கம்.

ஒரு ஓட்டு வித்தியாசம் என்று அறிவித்தார்கள். ரீகவுண்டிங் கேளுங்கள் என்று அவருடைய ஆட்கள் பிடித்து உலுக்கினார்கள். அதிகாரியும் அவர் முகத்தையே பார்த்தார்.

அண்ணாச்சி அடுக்கி வைத்த கட்டுகளை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, "எண்ணுனது சரிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்துக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் நான் கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றார். தெருவிளக்கு எரியவில்லையாம், புகார் கொடுக்க வந்திருக்கிறார். "மெம்பர்" என்று கூப்பிட்டார். கிண்டல் இல்லை. கடைசி வரை எனக்கு அவர் வைத்த பெயர் அதுதான்.

தோற்ற பிறகு அவரை நான் அதிகம் பார்த்தது மீன் மார்க்கெட்டில். ஜெயமணி அக்கா, அவர் மனைவி, பேரம் பேசிக்கொண்டிருப்பார். இவர் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். ஒருமுறை, சீலா விலை ஏறிப் போச்சு, மெம்பர் கவனிக்கக் கூடாதா என்று என்னிடம் முறையிட்டார்.

எனக்கோ ஒரே குடைச்சல். ஏன் ரீகவுண்டிங் கேட்கவில்லை? யோசிக்கிறேன் என்றவர் நிஜமாகவே யோசித்து, தன் ஓட்டை எனக்குப் போட்டுவிட்டாரா? அப்படியானால் நான் ஜெயித்தது வெற்றியா, பிச்சையா? பஞ்சாயத்து மீட்டிங்கில் உட்காரும்போதெல்லாம் இந்த நினைப்பு வந்து குத்தும்.

கேட்டும் பார்த்தேன். என் ஓட்டை எனக்குத்தான் போட்டேன், எனக்கென்ன கிறுக்கா என்பார். நான் நம்பவே இல்லை.

இன்று துக்க வீட்டில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பெரிய கார் ஒன்று வந்து நின்றதும் கூட்டம் வாசலுக்கு நகர்ந்தது. அக்கா என் கையைப் பிடித்தார்.

"ஏளா... அந்த ஓட்டு நான் போட்டது."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"மெம்பரா இருந்தப்பவும் சரி, எம்மெல்லேவா இருந்தப்பவும் சரி, வாசல்ல ஊரார் செருப்பு கிடக்காத நாளே கிடையாது. ஒருவாய்ச் சோறு சேந்து தின்னதில்ல. தோத்தாத்தான் வீட்டுல இருப்பாவன்னு உன் பூட்டு சாவில குத்திட்டேன்."

அண்ணாச்சிக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"இந்தத் தெருவுல எந்த வீட்டு ஓட்டு எங்க போவும்னு அவுகளுக்குத் தெரியாதா? எண்ணுதப்பவே ஒண்ணு குறையுதுன்னு தெரிஞ்சிட்டு. வீட்டுக்கு வந்து ஒண்ணுமே கேக்கல. எனக்கும் சேத்து ஒரு தட்டு எடுத்து வச்சாவ."

அக்கா அழவில்லை. நான்தான் அழுதேன்.

இதை எழுதலாமா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். எழுது, இனிமேல் என்னை யார் கேட்கப்போகிறார்கள் என்றார்.

கிளம்பும்போது வாசலில் கால் வைக்க இடமில்லை... அவ்வளவு செருப்பு. என்னுடையதைத் தேடி எடுக்கவே நேரமாகிவிட்டது.

போய் வாருங்கள் அண்ணாச்சி. உங்கள் தெருவில் விளக்கு எரிகிறது.