டாக்டரம்மா சொன்னதில் பாதி

டெல்லி மயூர் விஹார் வீட்டில் என்னைப்போல் இந்தி பேச ஆளில்லை என்ற கர்வம் ஒன்பது வயதிலேயே எனக்குத் தலைக்கேறியிருந்தது. திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்த சித்திக்கு ‘அச்சா’வைத் தாண்டி ஒன்றும் தெரியாது. சித்தப்பாவுக்கு லீவு கிடைக்காததால், மாசமாக இருந்த சித்தியுடன் ஆஸ்பத்திரிக்குப் போய் மொழிபெயர்க்கும் பெரிய உத்தியோகம் எனக்கு வந்தது.

பால், தயிர் சாப்பிடுவாளா என்று டாக்டரம்மா கேட்டார். டெல்லிப் பாலின் வாடையே சித்திக்கு ஆகாது. அதைச் சொன்னதும் கால்சியம் மாத்திரை எழுதிவிட்டு நெடுநேரம் பேசினார். கால்சியம் போதாவிட்டால் பிரசவத்துக்கு முன் ரத்தக்கொதிப்பு ஏறலாம், முற்றினால் வலிப்பு வரும், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். எனக்குப் பாதி புரியவில்லை. அதை ஒத்துக்கொண்டால் கௌரவம் என்னாவது?

“என்னட்டி சொல்லுதாங்க?”

“எலும்புக்கு நல்லதாம், சித்தி.”

“இதுக்கா இம்புட்டு நேரம்? கெணத்துல தண்ணி எறைச்ச ஒடம்பு. என் எலும்புக்கு ஒரு கொறையும் இல்ல.”

தொண்டையை அடைக்கிறது என்று பத்தே நாளில் மாத்திரையை நிறுத்திவிட்டாள். நானும் யாரிடமும் சொல்லவில்லை.

ஏழாம் மாதம் முகம் வீங்கி, தலைவலி தாங்காமல் சித்தியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிரஷர் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மாத்திரை சாப்பிட்டிருந்தால் வந்தே இருக்காது என்று யாரும் அடித்துச் சொல்லமாட்டார்கள். ஆனாலும் இன்றுவரை என் மனசு ஆறவில்லை.

அங்கே தமிழ் தெரிந்த மலையாளி நர்ஸ் ஒருத்தி இருந்தாள். அன்று என்னை வைத்து விளக்கியதை டாக்டரம்மாவிடம் கேட்டிருந்தவள், சித்தி மாத்திரையை நிறுத்தியது தெரிந்ததும், “பிரஷர் கூடாம இருக்கத்தானே அந்த மாத்திரை? டாக்டர் அவ்வளவு சொன்னாங்களே, இந்தப் பொண்ணு உங்ககிட்ட சொல்லலையா?” என்று கேட்டாள்.

வாசலருகே சித்தப்பாவும் அம்மாவும் நின்றிருந்தார்கள். நான் கட்டிலுக்குப் பின்னால் ஒதுங்கினேன். சித்தி கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தாள்.

“சொன்னா, சிஸ்டர். நாந்தான் மறந்துட்டேன்.”

மறுநாளே தம்பி குறைமாதத்தில் பிறந்தான். இருவரும் பிழைத்தார்கள். தன் உயிரே ஊசலாடிய அந்த நேரத்திலும் அவள் எதை யோசித்து அப்படிச் சொன்னாள் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை. திட்டு விழவில்லை என்ற நிம்மதியில், சித்தப்பாவிடம் சமோசா கேட்டேன்.